ஷகீரா 2001-ல் திடீரென முளைத்தவர் அல்ல
'2001-ல் ஆங்கில ஆல்பம் வந்த பிறகுதான் ஷகீரா பாடகி ஆனார், அதற்கு முன் வெறும் நடனக்காரி' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தப்பு. கொலம்பியாவின் பாரங்கியாவில் பிறந்தவர், முதல் ஆல்பம் 'மாகியா'வை 1991-லேயே, 14 வயதில் வெளியிட்டுவிட்டார். சரி, அது விற்கவில்லை. 1993-ல் வந்த அடுத்ததும் படுத்துவிட்டது. 1995-ல் வந்த 'பியெஸ் தெஸ்கால்சோஸ்'தான் அவரை லத்தீன் அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. கிட்டார் தூக்கலான ராக் அது.

அப்புறம் 1998 ஆல்பம். எழுதி வைத்திருந்த பாடல் வரிகள் இருந்த பெட்டி பொகோட்டா விமான நிலையத்தில் களவு போனது. மறுபடி உட்கார்ந்து எழுதியவர், ஆல்பத்துக்கே 'திருடர்கள் எங்கே?' என்று பெயர் வைத்தார். (நக்கலைப் பாருங்கள்!) 'ஓஹோஸ் அசி' பாட்டு அதில் உள்ளதுதான், அரபி வரிகளோடு. அப்பா வழியில் லெபனான் வேர். 2001-க்கு முன்பே கிராமி இசை விருதும் வாங்கிவிட்டார் என்று கீழே ஒருவர் சொல்வது மட்டும் சரியில்லை, அதே 2001 பிப்ரவரியில்தான். ஆனால் அந்த ஆங்கில ஆல்பத்துக்கு அல்ல, ஸ்பானிய ஆல்பம் ஒன்றுக்கு.