பிரேயரில் வாசிக்க வேண்டிய செய்தி

தொடக்கப் பள்ளிகளில் காலை பிரேயரில் செய்தி வாசிப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம்தான். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறள், அதற்குப் பொருள், அப்புறம் 'இன்றைய செய்திகள்'. பேப்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்த நாலு தலைப்பை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு வரிசைக்கு ஓடிவிடும். யாரோ ஒரு வெளிநாட்டுத் தலைவர் டெல்லி வந்தார், ரூபாய் மதிப்பு சரிந்தது, கிரிக்கெட்டில் இந்தியா வென்றது. முன்வரிசையில் நிற்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கும். அதற்கு எதுவும் காதில் விழுந்திருக்காது.

அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் மகள் திருவொற்றியூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாவது படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருப்பதால் காலையில் பல நாள் பள்ளிக்கூட வாசலில்தான் நிற்பேன். நன்னெறி, நல்லொழுக்கம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோமே, அது பிள்ளைகளிடம் வளர இந்தச் செய்தி நேரத்தைவிடத் தோதான இடம் பள்ளியில் வேறு இல்லை என்பது என் எண்ணம். செய்தி பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மழைக்காலத் தொடக்கத்தில் நாலாம் வகுப்பு மிஸ் ஒரு வேலை செய்தார். பேப்பர் செய்தி ஒன்று போதும், மீதி இரண்டை உங்கள் தெருவிலிருந்து கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். முதல் சில நாள் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. எங்கள் தெருவில் என்ன செய்தி இருக்கிறது என்று முழித்தார்கள். அப்புறம் ஒரு மழை நாளில், பழைய நோட்டிலிருந்து கிழித்த அரைத் தாளோடு ஒரு பெண் குழந்தை முன்னால் வந்தது. தாள் ஈரத்தில் நைந்திருந்தது, பென்சில் எழுத்து கலங்கியிருந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "எங்க தெரு முனையில டிரான்ஸ்பார்மர் கிட்ட தண்ணி நிக்குது. அந்தப் பக்கமா யாரும் போகாதீங்க. கடைத்தெரு வழியா சுத்திப் போங்க."

அன்றைக்குச் செருப்போடு விளையாடிய குழந்தைகூட நிமிர்ந்து பார்த்தது. அந்த வழியில் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் நிறையப் பேர். சாயங்காலம் பெரிய பிள்ளைகள் சின்னதுகளின் கையைப் பிடித்துக் கடைத்தெருப் பக்கம் கூட்டிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். யாரும் அவர்களுக்கு 'பிறர்நலம் பேணு' என்று சொல்லவில்லை. சுவரில் அந்த வாசகம் வண்ண எழுத்தில் பல வருஷமாக இருக்கத்தான் செய்கிறது.

நம் ஊர்க் குளிர்காலம் செய்திக்குப் பஞ்சமில்லாத காலம். ஐப்பசியில் பருவமழை, கார்த்திகையில் புயல், மார்கழியில் விடியற்காலைப் பனி, தை பிறப்பதற்கு முந்தின நாள் போகிப் புகை. சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால் அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வடசென்னையில் பிறந்த பிள்ளைக்கு இது பாடப் புத்தகத்தில் படிக்கிற விஷயம் இல்லை, கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கிற தண்ணீர்.

ஆனால் அதையே நாம் அவர்களுக்குச் செய்தியாகச் சொல்லும் விதத்தைப் பாருங்கள். 'புழல் ஏரியில் உபரி நீர் திறப்பு' என்று பேப்பரில் வரும். பிள்ளை அதை எழுதிக்கொண்டு வந்து வாசிக்கும், போய்விடும். அந்தத் தண்ணீர் வடகரை, மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வருகிறது, வழியில் நம் சொந்தக்காரர்கள் வீடு இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி என்று பொது அறிவுப் போட்டிக்கு மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, ஏரி திறந்தால் சடையங்குப்பத்து ஆயா வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டும் என்பது தெரிய வேண்டாமா?

ஏரி என்றதும் ஒரு பையன் ஞாபகம் வருகிறது. "ஏரி உடைஞ்சிடுச்சு, ராத்திரி தண்ணி வந்துடும்" என்று பிரேயரில் சொல்லிவிட்டான். பிள்ளைகள் முகம் வெளுத்துவிட்டது. மிஸ் அவனைத் திட்டவில்லை. "நீ பார்த்தியா, கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். கேட்டது என்றான். யார் சொன்னது? பால் கடையில் பேசிக்கொண்டார்களாம். "சரி, நாளைக்கு விசாரிச்சிட்டு வந்து சொல்லு" என்று விட்டுவிட்டார். மறுநாள் அவனே முன்னால் வந்து நின்றான். "நேத்து நான் சொன்னது தப்பு. ஏரி உடையல. மதகைத் திறந்து தண்ணி விட்டிருக்காங்க. எங்க மாமா மணலியில இருக்காரு, போன் பண்ணிக் கேட்டேன்." சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலை நான் பெரிதாக நினைக்கிறேன். மழைக்காலம் வந்தாலே நம் வாட்ஸப் குழுக்களில் என்ன நடக்கிறது என்று தெரியும். போன வருஷத்து வீடியோ இன்றைக்கு நடந்தது என்று வரும். கலெக்டர் லீவு விட்டுவிட்டார் என்று ஒரு போலி அறிவிப்பு வரும், பாதிப் பேர் பிள்ளையைத் தூங்க விட்டுவிடுவார்கள். மறுநாள் யாராவது "நான் அனுப்பியது பொய்ச் செய்தி, மன்னிக்கணும்" என்று எழுதியதுண்டா? ஒன்பது வயசுப் பையன் நூறு பேர் முன்னால் அதைச் செய்தான், அதற்காக யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. இப்போது அந்த வகுப்பில் எந்தச் செய்தி வந்தாலும் பிள்ளைகளே "பார்த்ததா, கேட்டதா?" என்று கேட்கிறார்கள். என் மகள் வீட்டில் என்னிடமும் கேட்கிறாள்.

நம் பள்ளிகளில் ஒழுக்கம் என்றால் பெரும்பாலும் கையைக் கட்டு, வாயைப் பொத்து என்றுதான் இன்னமும் அர்த்தம். ஆண்டு விழாவில் 'நன்னடத்தைப் பரிசு' யாருக்குப் போகிறது என்று பாருங்கள். வருஷம் பூரா சத்தம் போடாத பிள்ளைக்குப் போகும். சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளையாக இருக்கலாம், பயந்த பிள்ளையாகவும் இருக்கலாம். டிரான்ஸ்பார்மர் பக்கம் போகாதீர்கள் என்று சொன்ன பெண் வகுப்பில் வாயாடி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பரிசு அவளுக்குக் கிடைக்காது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இன்னொன்றும் என்னைப் பல நாளாக உறுத்துகிறது. பேப்பரிலோ டிவியிலோ வடசென்னை எப்போது வருகிறது? வெட்டு, குத்து, கஞ்சா, ரவுடி கைது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்ற பெயர்கள் அந்தச் செய்திகளோடுதான் ஒட்டிக்கொண்டு வரும். பேப்பரைப் பார்த்துச் செய்தி எழுதும் பிள்ளை தன் ஊரைப் பற்றி எழுத நினைத்தால் அதுதான் கிடைக்கும். தன் ஊர்ப் பெயரைச் சொல்லவே கூசும் குழந்தையிடம் என்ன நற்பண்பை வளர்க்கப் போகிறோம்?

இதே ஊரின் குளிர்காலச் செய்திகள் வேறு மாதிரியும் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் நகரத்து மக்களை மாடிகளிலிருந்து இறக்கினார்கள். 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியபோது, கரையில் ஒதுங்கிய கறுப்புச் சேற்றை மனுஷர்கள் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோதும் மீனவர்கள்தான் படகில் போய் அதை அள்ளினார்கள். வலையும் படகும் தார் பூசியது போல ஆகி, பிழைப்பு போனது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மூச்சு முட்டி எழுந்த ஜனங்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே ஓடினார்கள். இது நம் பிள்ளைகளின் தாத்தாவும் அப்பாவும் அத்தையும் செய்த வேலை. பிள்ளைகள் வாயால் பிரேயரில் சொல்ல வேண்டிய செய்தி இது. ஏன் நமக்கே இது திரும்பத் திரும்ப நடக்கிறது என்ற கேள்வியும் அந்தப் பிள்ளைகளுக்கு வரும். வரட்டும்.

புயல் சின்னம் உருவான வாரத்தில் திருவொற்றியூர்குப்பத்துப் பையன் ஒருவன் துறைமுகக் கூண்டைப் பற்றிச் சொன்னான். அவன் அப்பா போட்டில் போகிறவர். ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் தூரத்தில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது, மூன்று என்றால் துறைமுகத்துக்கே திடீர்க் காற்று வரலாம், எட்டு, ஒன்பது, பத்து என்று போனால் பெரிய அபாயம், பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இதை அவன் விரல் விட்டுச் சொன்னபோது மிஸ்ஸே குறித்துக்கொண்டார். வாய்ப்பாடு ஒப்பிக்க வராது என்று எப்போதும் பின்னால் நிற்கும் பையன் அவன். அன்றைக்கு அவன்தான் வாத்தியார்.

சின்னச் செய்திகளும் வருகின்றன. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று "இன்னைக்கு சாம்பார் சூடா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடியது. காலை உணவு கொடுக்கும் அக்காக்கள் ஓரமாக நின்று கேட்டார்கள். அந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. அதற்கும் முன்னால், 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்ட மாநகராட்சி இது. போட்டவர் அப்போதைய மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர், பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரியே இருக்கிறது. ஆனால் சமைத்துப் போடுகிற கைகளுக்குப் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

யூனிபார்ம் விஷயமும் அப்படித்தான் வெளியே வந்தது. அரசு நாலு செட் கொடுக்கிறது, உண்மை. ஆனால் ஒற்றை அறை வீட்டில், நாள் கணக்காக வெயிலே இல்லாத மழைக்காலத்தில், கொடியில் தொங்கும் துணி எப்படிக் காயும்? கலர் டிரஸ்ஸில் வந்த பிள்ளையை வரிசைக்கு வெளியே நிறுத்துவது பல பள்ளிகளில் நடக்கிறது. "மழையில எங்க யாருக்கும் துணி காயல" என்று ஒரு பிள்ளை செய்தியாகச் சொன்ன பிறகு, மழை நாளில் கலர் டிரஸ் போட்டு வரலாம் என்று தலைமையாசிரியர் அங்கேயே சொல்லிவிட்டார்.

இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். வீட்டுக்குள் நடக்கும் சண்டை, அப்பா குடித்துவிட்டு வருவது, கடன்காரர் வந்தது, இதையெல்லாம் குழந்தை செய்தி என்று நினைத்துக் கொண்டுவந்துவிடும். முந்தின நாளே மிஸ் தாளை வாங்கிப் பார்த்துவிட வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் அந்தக் குழந்தையைத் தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும், மைக்கில் அல்ல. இந்த வகுப்பில் அப்படித்தான் செய்கிறார்கள். அதைச் செய்ய நேரமில்லாத பள்ளி இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

நேரம் என்றதும் ஆசிரியர்கள் சொல்வது காதில் விழுகிறது. பாடம் முடிக்கவே நேரமில்லை, ஆப்பில் ஏற்றும் வேலை வேறு, அரையாண்டுத் தேர்வு தலைக்கு மேல். அத்தனையும் உண்மைதான். நான் கேட்பது புதுப் பீரியட் இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அதே இரண்டு நிமிஷம்தான். பேப்பர் தலைப்புகளில் மூன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்தது போகி. மணலி, எண்ணூர் காற்று வருஷம் முழுக்கவே எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல் டயர் புகை. 2018 போகியன்று புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. பழைய டயர், பாய், மெத்தையை எரிக்காமல் ஒப்படையுங்கள் என்று மாநகராட்சி கேட்கிறது, வண்டியும் அனுப்புகிறது. எந்தத் தெருவுக்கு எப்போது வண்டி வருகிறது என்று பிள்ளைகள் விசாரித்துப் பிரேயரில் சொல்லட்டும். பொங்கல் லீவு முடிந்து வரும்போது யார் தெருவில் டயர் எரிந்தது, எங்கே எரியவில்லை என்று பார்த்ததை மட்டும் சொல்லட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எல்லா வகுப்புக்கும் இதைக் கொண்டுவரச் சொல்லி எழுத்தில் கொடுக்கப் போகிறேன். வராந்தாவில் மாட்ட ஒரு கரும்பலகையும் கேட்டிருக்கிறேன், எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகள் அதில் படமாக வரையலாம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கத்துத் தொடக்கப் பள்ளி டீச்சர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பள்ளியில் செய்தி நேரம் எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.