சுமக்காத உடம்பில் பால் ஊறுமா?

கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரே கதியென்று விரதம் கிடக்கிற சீமை இது. சரவணப் பொய்கையில் முருகனுக்குப் பால் கொடுத்தது கார்த்திகைப் பெண்கள் என்று நம்ம வீட்டுச் சின்னப்பிள்ளையும் சொல்லும். ஆறு பேரில் ஒருத்தியும் அவனைச் சுமக்கவில்லை. ஆனால் தத்தெடுத்த பிள்ளைக்கு நான் நெஞ்சில் பால் கொடுக்கேன் என்றதும், "ஏட்டி, சுமக்காத உடம்புல பாலு எங்கேருந்துளா ஊறும்?" என்று பாளையங்கோட்டையே மூக்கில் விரல் வைக்கிறது.

ஊறும். சுரக்க வைக்கிற புரோலாக்டினும் பாலை வெளியே தள்ளுகிற ஆக்சிடோசினும் தலைக்குள் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இறங்குபவை, கர்ப்பப்பையிலிருந்து அல்ல. கர்ப்பம் மார்பைத் தயார் செய்கிறது, அது நிஜம். அது இல்லாதவளுக்குப் பிள்ளை அடிக்கடி சப்புவதும், இடையில் பம்பு வைத்து எடுப்பதும்தான் வழி. முதல் சொட்டைப் பார்க்கவே வாரக்கணக்கில் ஆகலாம். பெரும்பாலோருக்குப் பிள்ளையின் வயிறு முழுக்க நிறைகிற அளவு வராது. சீம்பாலை எதிர்பார்க்கவே வேண்டாம், அது பெற்ற உடம்புக்கு உரியது.

எனக்குக் கைகொடுத்தது ஒரு மெல்லிய ட்யூப். ஒரு முனை பவுடர் பால் கிண்ணத்தில், மறுமுனை காம்பை ஒட்டி, நழுவாமல் இருக்கப் பிளாஸ்டர். என் மகள் சப்பச் சப்பப் பால் ஏறும். கிண்ணத்தைத் தாழ்த்தினால் நிதானமாக வரும், கொஞ்சம் தூக்கிவிட்டால் கடைவாயில் வழியும். அவளுக்குப் பசி ஆறும், எனக்குச் சுரப்பு தூண்டப்படும். பிளாஸ்டரை உரிக்கும்போதுதான் உயிர் போகும். எங்க ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "புகட்டுற பாலாடைக்கு வாலு முளைச்சிருக்கு" என்றாள்.

பால் ஊறும் என்று மதினி பால்சுறாப் புட்டு அவித்துக் கொண்டுவந்தாள். ருசியாகத்தான் இருந்தது. சுரப்பு என்னவோ சப்பலுக்குத்தான் கூடியது. வாந்திக்குக் கொடுக்கிற டோம்பெரிடோனைச் சில டாக்டர்கள் இதற்கும் எழுதுவார்கள். இதயத் துடிப்பைக் குழப்பக்கூடிய மாத்திரை அது, மெடிக்கலில் நாமாகப் போய் ஒரு அட்டை வாங்கி முழுங்குகிற சமாச்சாரம் இல்லை.

இதைவிட எரிச்சல் இன்னொன்று. இப்போது தத்தெடுத்த வேறொருத்தியிடம் போய், "அவ குடுக்காள்லா, ஒனக்கென்ன?" என்கிறார்கள். புட்டியில் கொடுக்கிறவள் என்ன பாதி அம்மாவா? அந்தப் பேச்சுக்குப் பயந்து யாராவது பவுடர் பாலைக் குறைத்தால் வாடுவது பிள்ளை. எடை ஏறுகிறதா, ஒழுங்காக மூத்திரம் போகிறதா என்று பார்த்து, டாக்டர் சொன்ன பிறகுதான் குறைக்கணும்.

விருப்பப்பட்டவள் கொடுக்கட்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் விருப்பம் மட்டும் போதுமா? 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது, தத்தெடுக்கிற அம்மாவுக்கு 12 வாரம் விடுப்பு என்று எழுதினார்கள், பிள்ளை மூன்று மாதத்துக்குள் இருந்தால் மட்டும். பெற்றவர்கள் ஒப்படைத்த பிள்ளை என்றால் அவர்கள் மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் கொடுப்பதும் சட்டம்தான். அதன் பிறகு தத்தெடுப்பைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான காராவில் பதிவு, பிள்ளையை நமக்குக் காட்டுவது, நாம் சம்மதிப்பது, தாள்கள். எங்கள் வீட்டுக்கு அவள் வரும்போதே மூன்று மாதம் தாண்டியிருந்தது. பிள்ளை சப்பினால்தான் ஊறும், சப்ப வேண்டுமென்றால் அம்மா வீட்டில் இருக்கணும். பம்பை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பாத்ரூமில் நின்றவளுக்குத்தான் தெரியும், அந்தச் சட்டத்தை எழுதினவர் எவரும் பிள்ளை வளர்த்ததில்லை என்று.