அந்த வெப்சைட் கெட்டுப்போகவில்லை

கொரோனா காலத்துப் படங்களில் ஒன்று இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. 2020 ஏப்ரல் 7. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமியை ஒட்டியுள்ள ஹயலியா என்ற ஊர். கியூபாவிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகள் நிறைந்த ஊர். அங்கே ஒரு நூலகத்தின் வாசலில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நிற்கிறார்கள். ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். அவர்கள் வாங்க வந்தது வேலையிழந்தோர் உதவித்தொகைக்கான ஒரு காகித விண்ணப்பம்.

அவ்வளவு பணக்கார நாட்டில், ஒரு காகிதத்துக்காக ஏன் இப்படி உயிரைப் பணயம் வைத்து நிற்க வேண்டும்? மாநில அரசின் வெப்சைட் திறக்கவில்லை, அதனால்தான். இதைப் பலரும் "தொழில்நுட்பக் கோளாறு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். எனக்கு அது அப்போதே சரியாகப் படவில்லை. மென்பொருள் சோதனை வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஃபுளோரிடாவில் நடந்ததைத் தேடித் தேடிப் படித்த பிறகு எனக்கு வந்த முடிவு இதுதான்: அந்த வெப்சைட் கெட்டுப்போகவில்லை. எதற்காகக் கட்டினார்களோ அந்த வேலையைத்தான் செய்தது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவில் வேலை போனவர்களுக்குக் கிடைக்கும் பணம் தானம் கிடையாது. ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் முதலாளி ஒரு வரி கட்டுகிறார், அது ஒரு நிதியில் சேர்கிறது, வேலை போனால் அதிலிருந்து பணம் வருகிறது. நம் ஊர் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. மாதிரி உழைப்போடு ஒட்டிய உரிமை. ஃபுளோரிடாவில் அந்த வரியை ஒரு தொழிலாளியின் வருடச் சம்பளத்தில் முதல் 7,000 டாலருக்கு மட்டும்தான் வசூலிக்கிறார்கள். மத்திய சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவு அது. 2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் அந்த மாநிலம் பலமாக அடிவாங்கியது. நிதி காலியாகி, மத்திய அரசிடம் கடன் வாங்கினார்கள். கடனை அடைக்க வேண்டுமென்றால் முதலாளிகளின் வரி ஏறும். வரி ஏறக்கூடாது என்றால் பணம் வாங்குகிறவர்களின் எண்ணிக்கை குறைய வேண்டும்.

2011-ல் ஆளுநராக வந்த ரிக் ஸ்காட் அந்த இரண்டாவது வழியைச் சட்டமாக்கினார். (அங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர்.) அதுவரை 26 வாரம் கிடைத்த உதவித்தொகை, மாநிலத்தின் வேலையின்மை விகிதத்தைப் பொறுத்து 12 முதல் 23 வாரம் என்று ஆனது. விகிதம் குறைவாக இருந்தால் 12 வாரம்தான். வாரத்துக்கு அதிகபட்சம் 275 டாலர். அந்தத் தொகையும் 1998-ல் வைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், முழுதாக வாங்கினாலும் 3,300 டாலர். அதே 2020-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு வாரத்துக்கே அதிகபட்சம் 823 டாலர்.

பெயரையும் மாற்றினார்கள். "வேலையின்மை இழப்பீடு" என்று இருந்தது "மறுவேலை உதவி" ஆனது. இதைச் சின்ன விஷயமாக நினைக்க என்னால் முடியவில்லை. இழப்பீடு என்றால் கேட்டு வாங்கலாம். உதவி என்றால் கொடுக்கிறவர் மனசு வைக்க வேண்டும்.

அப்புறம் அன்றைக்கு அவர்கள் வைத்த நிபந்தனைகள். விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும்தான், போனில் கிடையாது. 45 கேள்விகள் உள்ள ஒரு திறன் தேர்வை கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். எத்தனை மதிப்பெண் என்பது முக்கியமில்லை, ஆனால் எழுதி முடிக்காவிட்டால் பணம் வராது. வாரத்துக்கு 5 நிறுவனங்களை அணுகி வேலை தேடியதை ஒவ்வொன்றாகப் பதிவு செய்ய வேண்டும். இத்தனையும் யாருக்கு? ஹோட்டல் அறை சுத்தம் செய்கிறவர், கட்டடத் தொழிலாளி, ஹைட்டியிலிருந்து வந்து கிரியோல் மட்டும் பேசுகிற பாட்டி. ஸ்பானிய மொழி, கிரியோல் மொழி பேசுகிறவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்த முறை பாகுபாடு காட்டுகிறது என்று 2013-லேயே மத்திய தொழிலாளர் துறை சொல்லிவிட்டது.

அதே 2013 அக்டோபரில்தான் "கனெக்ட்" என்ற புது வெப்சைட் வந்தது. டெலாய்ட் என்ற பன்னாட்டு ஆலோசனை நிறுவனம் கட்டியது. மொத்தத் திட்டச் செலவு சுமார் 7.8 கோடி டாலர். தொடங்கிய நாளிலிருந்தே திணறியது. ஆயிரக்கணக்கானோரின் பணம் வாரக்கணக்கில் நின்று, மத்திய தொழிலாளர் துறை தலையிட வேண்டியிருந்தது. மாநிலத்தின் தணிக்கைத் துறை 2015-ல் குறைகளை எழுதியது. 2016-ல் எழுதியது. 2019 மார்ச்சில் மறுபடியும் எழுதியது, பழைய குறைகளே பல இன்னும் அப்படியே இருக்கின்றன என்று.

என் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. ஒரு படிவத்தை நிரப்ப வந்தவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே விட்டுவிட்டுப் போனால், எங்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. எந்தப் பக்கத்தில் போனார்கள், எந்தக் கேள்வி புரியவில்லை, எந்தப் பொத்தான் அமுங்கவில்லை என்று தோண்டித் துருவுவோம். கடையில் பொருள் வாங்க வந்தவர் வெறுங்கையோடு போனால் கடைக்காரருக்கு நஷ்டம். ஃபுளோரிடாவில் மனம் வெறுத்து நடுவில் போன ஒவ்வொருவரும் லாபக் கணக்கில் சேர்ந்தார். கொரோனாவுக்கு முந்தைய வருடங்களில் அந்த மாநிலத்தில் வேலையில்லாத 10 பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் உதவித்தொகை கிடைத்தது. நாட்டிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று அது. முதலாளிகளின் வரியும் குறைவாகவே இருந்தது. யாரும் அதைக் கோளாறு என்று சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் 2020 மார்ச் வந்தது. டிஸ்னி வேர்ல்ட் மூடியது. மதுக்கூடங்கள் மூடின, உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது, சுற்றுலாக் கப்பல்கள் துறைமுகத்தில் நின்றன. சுற்றுலாவை நம்பி வாழும் மாநிலம் அது. மார்ச் 14-ல் முடிந்த வாரத்தில் உதவித்தொகைக்குப் புதிதாக விண்ணப்பித்தவர்கள் சுமார் 6,500 பேர். அடுத்த வாரம் 74,000. அதற்கடுத்த வாரம் 2 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டியது. ஏப்ரல் 19-ல் டிஸ்னி வேர்ல்டின் தொழிற்சங்க ஊழியர்கள் மட்டும் சுமார் 43,000 பேர் ஒரே நாளில் சம்பளமில்லா விடுப்பில் போனார்கள்.

இவ்வளவு கூட்டத்தை எந்த சர்வரும் தாங்காது என்பார்கள். உண்மைதான், அந்த மாதம் அமெரிக்கா முழுக்கவே எல்லா மாநிலங்களும் திண்டாடின. நியூ ஜெர்சி ஆளுநர் ஏப்ரல் 4-ந்தேதி, கோபால் (COBOL) என்ற பழைய கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்கள் முன்வந்து உதவுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். சென்னையில் அந்த மொழியில் வேலையைத் தொடங்கிய பலருக்கு அந்தச் செய்தி நினைவிருக்கும். நாற்பது வருடப் பழைய கம்ப்யூட்டர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அன்றைக்கு எல்லோரும் பேசினார்கள். ஆனால் ஃபுளோரிடாவுடையது பழையதா? ஏழு வயதுகூட ஆகாத வெப்சைட். புதுசு, விலை அதிகம், ஆலோசனை உலகின் பெரிய பெயர் ஒன்று கட்டியது. அதுதான் நாட்டிலேயே மிக மோசமாக விழுந்தவற்றில் ஒன்று.

சரி, கூட்டத்தை விடுவோம். கூட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத தடைகளைப் பாருங்கள். முன்பு எப்போதோ ஒருமுறை கணக்குத் தொடங்கியவர்களுக்கு பின் எண் (PIN என்ற ரகசிய எண்) மறந்திருக்கும். அதை மாற்ற அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். போன் கிடைக்காது. விடிகாலையிலிருந்து நூறு முறை, இருநூறு முறை டயல் செய்தவர்கள் இருந்தார்கள். பின் எண் இல்லாமல் உள்ளே போக முடியாது, போன் கிடைக்காமல் பின் எண் கிடைக்காது. கூட்டமே இல்லாத நாளிலும் அந்தப் பூட்டு அங்கே இருந்தது.

சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள், ஊபர் ஓட்டுகிறவர்கள் போன்றோருக்கு மத்திய அரசு மார்ச் இறுதியில் ஒரு தனி உதவித் திட்டம் கொண்டுவந்தது. மாநிலத் திட்டத்தில் இடமில்லாதவர்களுக்குத்தான் அந்தப் பணம். இவர்கள் முதலில் மாநிலத்திடம் விண்ணப்பித்து, "உங்களுக்குத் தகுதி இல்லை" என்ற பதிலை வாங்கினார்கள். ஏப்ரல் 5-க்கு முன்பு விண்ணப்பித்து அந்தப் பதிலை வாங்கியவர்களிடம், மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பியுங்கள் என்றார்கள். வேலை போன ஒரு மனிதனின் கையில் "தகுதி இல்லை" என்ற வார்த்தை எப்படிப் போய் விழும் என்று அதை எழுதியவர்கள் யோசித்திருப்பார்களா? அதைப் படித்ததோடு முயற்சியையே விட்டவர்கள் எத்தனை பேரோ.

ஏப்ரல் 20 வாக்கில் மாநிலம் முதல் முறையாகக் கணக்கை வெளியிட்டது. வந்து குவிந்த விண்ணப்பங்கள் சுமார் 15 லட்சம். ஒரே ஆள் பலமுறை போட்டதும் அதில் உண்டு, அதைக் கழித்தாலும் பல லட்சம். அதுவரை பணம் போய்ச் சேர்ந்தது சுமார் 40,000 பேருக்கு. ஏப்ரல் 24 வெள்ளிக்கிழமை இரவு, தேங்கியதைத் தீர்க்க வேண்டும் என்று சொல்லி வெப்சைட்டை மக்களுக்கு மூடிவிட்டார்கள். திங்கள்கிழமை காலையில்தான் திறந்தார்கள்.

இந்த இடத்தில் அவசரமாகக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. மே 1-ந்தேதி வாடகை கொடுக்க வேண்டியவருக்கு ஜூன் மாதம் வரும் பணம், அதே பணம் கிடையாது. நடுவில் அவர் மகளின் தோட்டை விற்றிருப்பார். தம்பியிடம் கைநீட்டியிருப்பார். கிரெடிட் கார்டில் அரிசி வாங்கியிருப்பார். பின்னால் மொத்தமாகக் கொடுத்துவிட்டோமே என்று கணக்குக் காட்டுகிறவர்கள், நடுவில் போன அந்த வாரங்களின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

இந்த உதவித்தொகையைக் கவனிக்கும் மாநிலத் துறையின் தலைவர் கென் லாசன் ஏப்ரல் தொடக்கத்தில் மக்களிடம் மனதார மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் நடுவில் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தார்கள். மற்ற துறைகளிலிருந்து ஊழியர்களைக் கொண்டுவந்து போன் எடுக்க வைத்தார்கள். ஃபெடெக்ஸ் கடைகளில் காகித விண்ணப்பத்தை அச்சடித்து அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அந்தப் போன்களை எடுத்த சாதாரண ஊழியர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அழுகிற குரல்களை நாள் முழுக்கக் கேட்டு, தங்கள் கையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

என் முடிவை நான் கற்பனையில் கட்டவில்லை. அன்றைய ஆளுநர் ரான் டிசாண்டிஸ் 2020 ஆகஸ்டில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தானே இதைச் சொன்னார். அர்த்தமில்லாத தடைகளை வழியெங்கும் வைத்து, மக்கள் சலித்துப்போய் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகும்படி அந்த அமைப்பு செய்யப்பட்டிருந்தது என்றார். ஒரே கட்சிக்காரர்தான் ரிக் ஸ்காட், இவருக்கு முன்பு அதே நாற்காலியில் இருந்தவர். டிசாண்டிஸையும் நான் விடமாட்டேன். அவர் பதவிக்கு வந்தது 2019 ஜனவரியில். அந்த மார்ச்சிலேயே தணிக்கை அறிக்கை அவர் அரசின் மேஜைக்கு வந்துவிட்டது. ஒரு வருடம் இருந்தது.

ரிக் ஸ்காட்டோ அதற்குள் செனட்டர், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற மேலவை உறுப்பினர், ஆகிவிட்டார். 2020 மார்ச்சில் மத்திய அரசு வாரத்துக்கு 600 டாலர் கூடுதலாகக் கொடுக்கலாம் என்றபோது, அப்படிக் கொடுத்தால் மக்கள் வேலைக்குப் போகமாட்டார்கள் என்று எதிர்த்த நான்கு செனட்டர்களில் அவரும் ஒருவர். டிஸ்னியே மூடிக்கிடந்த மாதத்தில், எந்த வேலைக்குப் போயிருக்க வேண்டும் அவர்கள்?

தடைகள் இல்லாவிட்டால் திருடர்கள் வந்துவிடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் லேசாகத் தள்ளவில்லை. கலிஃபோர்னியாவில் அதுவும் நடந்தது. 2021 ஜனவரியில் அந்த மாநிலத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கைகளைப் பாருங்கள். நெருக்கடியின் முதல் மாதங்களில் அங்கே வந்த போன்களில் நூற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. அதே வருடத்தில் சுமார் 1,000 கோடி டாலர் மோசடிக்காரர்களுக்குப் போயிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். சிறையில் இருப்பவர்களின் பெயரிலும் பணம் போனது. திருடுகிறவன் நூறு விண்ணப்பம் போடுவான், ஒன்று தள்ளுபடியானால் அடுத்ததைப் போடுவான். அவனுக்கு அது தொழில். மூன்றாவது தடையில் களைத்துப்போய் உட்காருவது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனில் காத்திருக்கும் ஹோட்டல் ஊழியர்தான்.

ரேஷன் கார்டிலிருந்து முதியோர் பென்ஷன் வரை நம் ஊரிலும் ஒவ்வொன்றாக ஆன்லைனுக்கு வந்துகொண்டிருக்கிறது. என் துறை நண்பர்கள் பலர் அந்த வேலையில் இருக்கிறீர்கள். எத்தனை பேர் உள்ளே வந்து, எத்தனை பேர் எந்தப் பக்கத்தில் திரும்பிப் போனார்கள் என்ற கணக்கை தயவுசெய்து எடுங்கள். மேலே இருக்கிறவர்கள் கேட்காவிட்டாலும் எடுத்து வையுங்கள். ஃபுளோரிடாவில் தணிக்கைக்காரர்கள் எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு நாம் இதைப் பேச முடிகிறது.

2021-ல் ஃபுளோரிடா சட்டமன்றம் அந்த வெப்சைட்டைப் புதுப்பிக்கச் சட்டம் போட்டு நிதி ஒதுக்கியது. அதே கூட்டத்தொடரில் வாரத் தொகையை 375 டாலர் ஆக்கலாம் என்ற யோசனையும் அந்தச் சட்டமன்றத்தின் மேலவையில் வந்தது. கீழவை ஒத்துக்கொள்ளவில்லை. ஜூன் 26-ந்தேதி, மத்திய அரசு வாரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்த கூடுதல் 300 டாலரையும் கெடுவுக்கு முன்பே மாநிலம் வேண்டாம் என்று நிறுத்தியது. 1998-ன் அந்த 275 டாலரோடு மக்களை விட்டார்கள்.