கறள் உதிர உதிரக் கேட்கும் இசை

அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கியின் ‘த டிஸ்இன்டக்ரேஷன் லூப்ஸ்’ (சிதையும் வளையங்கள்) இசைத்தொகுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள்: 2001 செப்டெம்பர் 11, புரூக்ளின், வீட்டுக் கூரை, தூரத்தில் இரட்டைக் கோபுரங்களின் புகை. அன்றைய பொழுதின் கடைசி வெளிச்சத்தை அவர் வீடியோவில் எடுத்ததும், அந்தக் காட்சிகள் இசைத்தட்டின் அட்டைகளில் வந்ததும் உண்மைதான். ஆனால் இசை பதிந்திருந்த ஒலிநாடா சிதைந்தது அதற்குச் சற்று முன், அதே ஆண்டுக் கோடையில். விமர்சனங்கள் இரண்டையும் ஒட்டவைத்து, முழுத் தொகுப்பையும் ஓர் இரங்கற்பாவாகவே எங்களிடம் தந்தன. அந்த வாசிப்புக்குள் இதன் பெரிய விசயம் ஒன்று மறைந்துபோகிறது என்பதுதான் என் வாதம்.

நடந்தது இதுதான். 1980களின் தொடக்கத்தில் பதிந்து வைத்த, சில விநாடிகளே நீளமான நாடா வளையங்களை (முனைகளை ஒட்டி, திரும்பத் திரும்ப ஓடவிடும் நாடாத் துண்டுகளை) அவர் டிஜிட்டலுக்கு மாற்ற முயன்றார். நாடா சுற்றச் சுற்ற அதன் மேற்பூச்சு உதிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. முதல் பகுதி ஒரு மணிநேரத்துக்கும் மேல். அதே மெட்டு நூற்றுக்கணக்கான தடவை திரும்பி வருகிறது. ஆரம்பத்தில் வித்தியாசமே தெரியாது. பிறகு நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகள். முடிவில் மெட்டு இருந்த இடத்தில் ஒரு மங்கிய இடிப்பும் நீண்ட மௌனமும்தான்.

ஒலிநாடா என்பது பிளாஸ்ரிக் கீலத்தில் பசையால் ஒட்டிய இரும்பு ஒக்சைட்டுத் தூள். எங்கட சொல்லில் கறள். பசை பழுதானால் தூள் நிற்காது. உதிர்ந்த தூள் வாசிக்கும் தலையில் படிந்து, நாடாவைத் தலையிலிருந்து விலக்கும். அந்த விலகல் எதைத் தின்னும் என்பதற்குத் திட்டமான கணக்கு உண்டு: விலகிய தூரத்தை ஒலியின் அலைநீளத்தால் வகுத்து, ஏறத்தாழ 55ஆல் பெருக்கினால் இழந்த டெசிபல் வரும். கசற் விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடுகிறது. அதில் 10,000 ஹேர்ட்ஸ் உயர் ஒலியின் அலைநீளம் 4.76 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரே ஒரு மைக்ரோன் தூசு இடையில் வந்தால் ஏறத்தாழ 11.5 டெசிபல் போய்விடும். 100 ஹேர்ட்ஸ் தாழ் ஒலிக்கு அதே தூசு 0.1 டெசிபல்தான். நாதஸ்வரக் கச்சேரிப் பதிவில் தாளத்தின் கிணுகிணுப்பு முதலில் மறைந்து, தவிலின் தொப்பிப்பக்கம் கடைசிவரை நிற்பது இதனால்தான்.

2002, 2003இல் நான்கு பாகங்களாக வந்த தொகுப்பு இது. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையத்தளம் 2004இல் 10க்கு 9.4 கொடுத்தது. 2012இல் பெட்டித் தொகுப்பாக மறுபடி வந்தபோது முழு 10. அந்தப் புகழ்ச்சி பொருத்தமானதே. ஆனால் ‘அழிவின் அழகு’ என்று திரும்பத் திரும்ப எழுதும்போது, அழிவதற்கு முன் பதிவுப் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது என்பது பின்னால் போய்விடுகிறது. “முதலில் ஒருக்கால் போட்டுப் பார்ப்பம்” என்று அவர் பதிவில்லாமல் ஓடவிட்டிருந்தால், இன்றைக்குக் கேட்க எதுவும் மிஞ்சியிராது.

யாழ்ப்பாணத்து அலுமாரிகளில் இருப்பவை பெரும்பாலும் கசற். றெக்கோடிங் பாரில் பிரதி எடுத்த பத்மநாதனின் நாதஸ்வரம், தெட்சணாமூர்த்தியின் தவில், கூத்து, வெளிநாட்டிலிருந்து குரலில் பேசி அனுப்பிய கடிதங்கள். கசற் பசின்ஸ்கியின் நாடாவைப்போல உதிர்வது குறைவு. அது வேறு வழிகளில் சாகும். மாரி ஈரத்தில் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு பசை விட்டு விழும். 90 நிமிடக் கசற்றின் நாடா 60 நிமிடத்ததைவிட மெல்லியது, இழுபட்டுச் சுருக்கம் விழும்.

பூஞ்சணம் பிடித்ததை அப்படியே செற்றில் போடவே கூடாது. வித்துகள் அடுத்த கசற்றுக்கும் போகும். மூடிய ரின்னில் சிலிக்கா ஜெல்லோடு சில நாள் உலரவிட்டு, வெளியில் வைத்து, மூக்கை மூடிக்கொண்டு மென்தூரிகையால் தட்டுங்கள். கம்பளித் துண்டு விழுந்திருந்தால் ஸ்குரூ போட்ட வேறொரு கோதுக்கு நாடாவை மாற்றலாம். பிறகு முழுவதும் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றுங்கள். நெடுநாள் கிடந்த நாடாவில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் பதிந்து, பாட்டு தொடங்குமுன் மெல்லிய எதிரொலி கேட்கும். சுற்றினால் அது குறையும்.

செற்றின் தலையை ஐசோபுரப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு கசற்றுக்கும் முன் துடையுங்கள். தலைக்குப் பக்கத்திலுள்ள, அதன் சாய்வை மாற்றும் சிறிய ஸ்குரூவைச் சற்றுத் திருப்பி, இரு சனலையும் மோனோவாகக் கேட்டு, கிணுகிணுப்பு மிகத் தெளிவாக வரும் இடத்தில் விடுங்கள். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். இதில் தவறினால் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகத் திருத்த முடியாது. செற்றின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு எடுங்கள், மைக் துளைக்குள் அல்ல. 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பு: மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டவேண்டாம். இரைச்சல் நீக்குவதை வேறொரு பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

1990களில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ஓடிய செற்றுகளில் பதிந்தவை தனி வகை. பதியும்போது மோட்டார் மெதுவாகியிருந்தால், இப்போது சரியான வேகத்தில் போடும்போது சுருதி ஏறும். மிதித்தவரின் கால் களைத்தது அந்த ஏற்றத்தில் கேட்கும். அதை அப்படியே ஒரு பிரதியாக வைத்துவிட்டுத்தான் சுருதி திருத்தவேண்டும்.

கோயில், திருவிழா, ஆண்டு, வாசித்தவர் பெயர் எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். கசற் மட்டையிலுள்ள பேனை மை பலவற்றில் ஏற்கெனவே மங்கிவிட்டது. எந்த ஊர்க் கச்சேரி என்று குரலை வைத்தே சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.