மைக் மார்ட்டின் 11 முறை சாம்பியனா? இல்லை

"ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக பேஸ்பால் பயிற்சியாளர் மைக் மார்ட்டின் 2,029 வெற்றிகளோடு 11 தேசியப் பட்டங்களும் வென்றவர்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு.

மார்ட்டின் தேசியப் பட்டம் ஒன்றுகூட வென்றதில்லை. 1980 முதல் 2019 வரை 40 சீசன்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 40 வெற்றி. 2018ல், அதுவரை கல்லூரி பேஸ்பாலில் அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளராக இருந்த ஆகி கரிடோவின் 1,975 வெற்றிகளைத் தாண்டினார். ஓமாஹா நகரில் நடக்கும், தேசியப் பட்டத்துக்கான போட்டியின் இறுதிக்கட்டமான காலேஜ் வேர்ல்ட் சீரிஸுக்கு 17 முறை அணியைக் கூட்டிப் போனார், கடைசி சீசன் உட்பட. 1986ல் அரிசோனாவிடமும் 1999ல் மயாமியிடமும் இறுதி ஆட்டத்தில் தோல்வி. கோப்பை இல்லாமலே இத்தனை மதிப்பு பெற்றதுதான் அவர் கதையின் சுவையே. அதைப் போய் அழித்துவிட்டார்கள்.

அந்த 11 பட்டங்கள் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ராட் டெடோவுக்கு உரியவை. முதலாவது, 1948ல், சாம் பாரியோடு சேர்ந்து பயிற்றுவித்தபோது கிடைத்தது. யாரோ இருவரையும் ஒருவராக்கியிருக்கிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் பேஸ்பால் சாதனைப் பதிவேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பயிற்சியாளர் வாரியாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.