அமெரிக்கா–தென்கொரியா வர்த்தக ஒப்பந்தம் உடன்படிக்கையாக நிறைவேறியதா?

அமெரிக்காவுக்கும் தென்கொரியாவுக்கும் இடையிலான தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை அமெரிக்க செனட் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் உடன்படிக்கையாக அங்கீகரித்தது என்று பலர் பகிர்ந்திருக்கிறார்கள். அன்புகூர்ந்து இதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். 2007 ஜூன் 30 அன்று கையெழுத்தாகி, பின்னர் 2010 டிசம்பரில் சில திருத்தங்களுக்கு உடன்பாடு காணப்பட்ட அந்த ஒப்பந்தத்திற்கு, சாதாரணச் சட்டம் ஒன்றின் வழியாகவே ஒப்புதல் கிடைத்தது. 2011 அக்டோபர் 12 அன்று பிரதிநிதிகள் சபை 278–151 என்ற கணக்கிலும், செனட் 83–15 என்ற கணக்கிலும் மசோதாவை நிறைவேற்றின. அக்டோபர் 21 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார்.

செனட்டில் கிடைத்த 83 வாக்குகள், உடன்படிக்கை ஒன்றுக்குத் தேவைப்படும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியதால் குழப்பம் நேர்ந்திருக்கலாம், அது இயல்பானதே. ஆனால் சட்டப்படி தேவைப்பட்டது இரு அவைகளிலும் எளிய பெரும்பான்மை மட்டுமே. அரசியல் சட்டத்தின் இரண்டாவது பிரிவின்படி உடன்படிக்கைகள் செனட்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால், பிரதிநிதிகள் சபையும் வாக்களித்தது என்பதே போதுமான சான்று.

அமெரிக்கக் காங்கிரஸின் அதிகாரபூர்வ இணையதளத்தில் 112ஆவது காங்கிரஸைத் தேர்ந்தெடுத்து, எச்.ஆர். 3080 என்ற மசோதா எண்ணைத் தேடினால் இரு அவைகளின் வாக்கு விவரமும், பொதுச் சட்டம் 112-41 என்ற எண்ணும் கிடைக்கும். அதன் 102ஆவது பிரிவையும் படித்துப் பாருங்கள்: அமெரிக்கச் சட்டத்துக்கு முரணான ஒப்பந்த விதி எதுவும் அங்கே செல்லாது என்று அது தெளிவாகவே சொல்கிறது.