கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே குடை நடுவதற்கு முன்

சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு உலக அளவில் தரும் நீலக்கொடிச் (Blue Flag) சான்றிதழ் மெரினாவுக்கு வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வேன். சக்கர நாற்காலியில் வருபவரும் அலைக்குப் பக்கத்தில் போக வேண்டும். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும். குழந்தை கால் நனைக்கும் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை. அந்தச் சான்றிதழுக்காக மூங்கில் குடை, சாய்வு நாற்காலி, நடைபாதை, காவல் கோபுரம் என்று மணலில் வரிசையாக நடும்போது, அந்த மணலில் ஏற்கெனவே நடக்கிற தொழில் யார் கணக்கிலும் வருவதில்லை என்பதுதான் பிரச்சினை. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை நொச்சிக்குப்பம், நொச்சி நகர், டுமிங்குப்பம், முள்ளிக்குப்பம், சீனிவாசபுரம் என்று கரை முழுக்க மீனவர் ஊர்கள். எந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்று ஊர்ப் பஞ்சாயத்தோடு உட்கார்ந்து வரைபடம் போட்டு வெளியிடும் வரை, அங்கே ஒரு நிரந்தரக் கம்பம்கூட நடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சாலையில் நின்று பார்ப்பவருக்கு அது வெறும் மணல்வெளி. காலையில் போய்ப் பாருங்கள். இங்கே துறைமுகம் கிடையாது, படகுகள் நேராக மணலில்தான் ஏறுகின்றன. ஃபைபர் படகு 25, 30 அடி நீளம். அலை எட்டாத மேட்டுக்கு அதை இழுத்து, எஞ்சினைக் கழற்றி, வலையை இறக்க வேண்டும். செவுள் வலையில் சிக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றுவது மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்கு நிழல் வேண்டும், வலையை நீளவாக்கில் விரிக்கத் தடையில்லாத தரை வேண்டும். கழற்றிய மீன் அங்கேயே ஏலம் போகும். ஏலத்தில் எடுத்த பெண்கள் கூடையோடு சாலைக்கு வருவார்கள். படகு, வலை, ஏலம், கடை நான்கும் நடந்து போகிற தூரத்தில் இருப்பதால்தான் ஐஸ் செலவும் வண்டிக் கூலியும் பெரிதாக இல்லாமல் அந்த மீன் நம் வீட்டுக்கு வருகிறது.

கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலைக்கு இன்னும் அகலமான இடம் வேண்டும். ஒரு பக்கக் கயிறு கரையில் இருக்க, படகு வலையை விட்டபடி அரைவட்டமாகக் கடலுக்குள் போய், தள்ளி இன்னொரு இடத்தில் மறுபக்கக் கயிற்றோடு கரையேறும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு அணியும் பக்கவாட்டில் நகர்ந்து ஒன்று சேரும். நீரோட்டம் வலையை வடக்கே தள்ளினால் இழுப்பவர்களும் வடக்கே நகர வேண்டும். அந்தப் பாதையில் வரிசையாகக் குடைக் கால்கள் நின்றால் வலை இழுக்க முடியாது. குடைகளுக்கு நடுவே வழி விட்டிருக்கிறோம் என்பது இதற்குப் பதில் ஆகாது, ஏனென்றால் வலை எங்கே கரையேறும் என்பது அன்றைய நீரோட்டத்தின் கையில் இருக்கிறது.

புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாப் படகுகளையும் சாலை ஓரம் வரை ஏற்ற வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்குள். தண்ணீருக்கும் சாலைக்கும் நடுவே குறுக்காக வேலியோ நடைபாதையோ போட்டால், டிராக்டர் எங்கே கடக்கும்? இந்தக் கேள்வி வரைபடம் போடும் மேசையில் எழுவதே இல்லை.

சட்டம் இதைப் பேசாமல் இல்லை. 2011 சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அறிவிக்கை, கடலோர மேலாண்மைத் திட்டம் தயாரிக்கும்போது மீனவர் ஊர்களையும், மீன் உலர்த்தும் இடம் போன்ற அவர்களுடைய பொதுச் சொத்துகளையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு நீலக்கொடிக்காக விதியைத் தளர்த்தியது. கழிப்பறை, உடை மாற்றும் அறை, குளிக்கும் குழாய், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, இருக்கை, சூரியத் தகடு போன்றவற்றை, கடல்நீர் அதிகபட்சம் ஏறி வரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி அமைக்கலாம் என்றது. தளர்வு உடனே நடைமுறைக்கு வந்துவிட்டது. பொதுச் சொத்துகளைக் குறிக்கும் வேலையோ இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது.

அந்த 10 மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னைக் கரையில் ஆண்டின் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடக்கே உள்ள சென்னைத் துறைமுகத்தின் சுவர் அதைத் தடுத்ததால் மெரினா அகன்றது, துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் அரித்தது. வடகிழக்குப் பருவத்தில் அலையின் திசை மாறி மணல் தெற்கே போகும். அப்போது சீனிவாசபுரம் பக்கம் கரை குறுகும். அங்கே வீடுகளையே கடல் கொண்டு போயிருக்கிறது. காகிதத்தில் உயர் அலைக் கோடு ஒரே இடத்தில் நிற்கும், கரை அப்படி நிற்காது. ஜூனில் 10 மீட்டர் அளந்து நட்ட கம்பம் டிசம்பரில் அலைக்குள் நிற்கலாம்.

2022இல் இது கண்ணெதிரே நடந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான மரப் பாதை மெரினாவில் நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு ஒரு கோடிக்கு மேல். டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தபோது அதன் கடலோரப் பகுதி உடைந்தது. அந்தப் பாதை வேண்டாத ஒன்று என்று சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, அது கட்டாயம் வேண்டியது. ஆனால் புயலில் ஏறி வரும் அலை முதலில் கால்களுக்கு அடியில் இருக்கும் மணலைத்தான் அரிக்கும். பிடிமானம் போனதும் மேல்பலகைகளை அலை தூக்கிவிடும். கடலை ஒட்டிய கடைசிப் பகுதியைக் கழற்றி மடக்கும் பலகைகளாகச் செய்து, எச்சரிக்கை வந்ததும் எடுத்து வைக்கும் ஆளையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்தால் இந்த இழப்பு இல்லை. மணலில் புதைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்போது தொட்டி காலியாக இருந்தால், தண்ணீரே அதை மேலே தள்ளும், குழாய் இணைப்புகள் உடையும்.

இனி தண்ணீர். நீலக்கொடி நீராடும் கடற்கரைக்குத் தரும் சான்று. டென்மார்க்கில் தலைமையகம் கொண்ட அமைப்பு தருகிறது. மொத்தம் 33 அளவுகோல்கள், ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். மலக் கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமிகளுக்கு வரம்பு உண்டு: தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு ஈ.கோலை 250, குடல் என்டரோகாக்கை 100. பருவத்தில் குறைந்தது 5 மாதிரிகள், இரண்டு மாதிரிகளுக்கு இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. கோவளம் 2021இல் இதைப் பெற்றது. மெரினாவின் நிலை வேறு. வடக்கே கூவம், தெற்கே அடையாறு, இரண்டு முகத்துவாரங்களும் நகரத்தின் கழிவுநீரைக் கடலில் கொட்டுகின்றன. பெருமழைக்குப் பிறகு தேங்கிய சாக்கடை மொத்தமாக அடித்து வரும்போது நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கக் கரை கெடும். இன்னொன்று, மெரினாவில் கரை சட்டென்று ஆழமாகிறது, கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமும் பலமானது. அதனால்தான் குளிக்கக் கூடாது என்று போலீஸ் தடுக்கிறது, அதையும் மீறி ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. குடைக்குச் செலவழிக்கும் முன் உயிர்காப்பாளர்களுக்கும் கழிவுநீரைத் தடுப்பதற்கும் பணம் போக வேண்டும்.

இந்த மீனவர் ஊர்களை ஒட்டிப் போகும் லூப் சாலை விவகாரத்தில் நகரம் மீனவர்களைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சாலையோர மீன் கடைகளைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது, மாநகராட்சி கடைகளை அகற்றியது. அந்தத் தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும் அந்த இரண்டு மாதமும் சென்னைக்குப் புது மீன் கொடுப்பது இந்தச் சிறு படகுகள்தான், இவர்களுக்கு ஆண்டின் சிறந்த வியாபாரமும் அப்போதுதான். அந்த நேரம் பார்த்து இடி விழுந்தது. பிறகு சுமார் 15 கோடி ரூபாயில் 360க்கும் மேற்பட்ட கடைகளோடு கட்டிய மீன் அங்காடி 2024 ஆகஸ்டில் திறந்தது. கூரை, தண்ணீர், வடிகால், வண்டி நிறுத்த இடம் எல்லாம் நல்லதே, வெயிலில் உட்கார்ந்த பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மீன் கழுவிய தண்ணீரில் செதிலும் குடலும் போகும். சல்லடையைத் தினமும் எடுத்துக் கழுவாவிட்டால் சில நாளிலேயே வடிகால் அடைத்து நாறும், வாடிக்கையாளர் வர மாட்டார். பராமரிப்புக்கு ஆள் யார், பணம் எங்கிருந்து என்பதைப் பொறுத்துத்தான் அந்த அங்காடி நிற்கும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட ஏறுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிக்க 45 முதல் 60 நாள். குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சம் தெரியும் பக்கம் போகும். கரையில் உயர்கோபுர விளக்கு எரிந்தால் கடலை விட்டுச் சாலைக்குப் போய்ச் சாகும். இதற்குச் செலவு அதிகமில்லை: விளக்கைத் தாழ்வாக, கடல் பக்கம் மறைத்து, மஞ்சள் நிறத்தில் வைப்பது, அந்த மாதங்களில் இரவு அணைப்பது, சாய்வு நாற்காலிகளை மாலையில் எடுத்துவிடுவது, மணல் சலிக்கும் வண்டியை மேல்மணலில் ஓட்டாமல் இருப்பது. மணலில் படரும் அடும்பங்கொடியைக் குப்பை என்று வழித்தெறிவதையும் நிறுத்த வேண்டும், காற்றில் மணல் பறக்காமல் பிடித்து வைப்பது அதுதான்.

இந்தக் கரைக்கு இது முதல் திட்டமும் இல்லை. 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அழகுபடுத்துவதற்காகப் படகுகளை அகற்றப் போனது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2003இல் மலேசிய ஒத்துழைப்போடு பேசிய கடற்கரைத் திட்டம் எதிர்ப்பால் நின்றது. கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே உயர்மட்டச் சாலை என்ற யோசனையும் வந்தது. ஒவ்வொரு முறையும் மீனவர்களிடம் கடைசியாகத்தான் கேட்டார்கள்.

வரைபடம் போடுவது கஷ்டமான வேலை அல்ல. ஊரில் தொழில் செய்பவர்களோடு கையில் ஜி.பி.எஸ். கருவியை வைத்துக்கொண்டு நடந்தால் போதும்: படகு நிறுத்தும் வரிசை, வலை விரிக்கும் இடம், பெரிய வலை இழுக்கும் கரை, ஏல இடம், புயலில் படகு ஏற்றும் வழி, ஆமை முட்டையிட்ட இடங்கள். ஜூனில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை, இரண்டு பருவத்திலும் கரைக்கோட்டை அளக்க வேண்டும். பெண் வியாபாரிகளைத் தனியாகக் கேட்க வேண்டும், பஞ்சாயத்தில் பெரும்பாலும் ஆண்களே பேசுகிறார்கள். அதைத் தமிழில் அச்சிட்டு ஊரில் ஒட்டி, திருத்தம் சொல்ல ஒரு மாதம் கொடுக்க வேண்டும். மெரினாவை ஒட்டிய வார்டுகளில் இருப்பவர்கள் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இரண்டு தாள்களைக் கேளுங்கள்: கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தோடு இணைத்த வரைபடம், கடைசியாக எடுத்த கடல்நீர் மாதிரிகளின் முடிவு, தேதியோடு. அந்த வரைபடத்தில் படகுகள் இல்லையென்றால், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.